அம்மாவுக்கு மறதியா, கவனம் தங்கலையா? 'கவன ஸ்கேன்' எடுக்கலாமா?

அந்திமாலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இத்தனை நாளா வாசிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 68 வயசு. எட்டு மாசம் முன்னாடி அல்சைமர், ஆரம்ப நிலைன்னு சொன்னாங்க. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல ஹிப்போகாம்பஸ், அதாவது ஞாபகத்தப் பதியுற மூளைப் பகுதி, வயசுக்கு மீறிச் சுருங்கியிருக்குன்னு இருந்தது. டோனெபெசில் மாத்திரை தொடங்கியாச்சு.

எனக்கு என்ன குழப்பம்னா, வீட்ல நான் பாக்குறது மறதி மாதிரியே இல்ல. டிவி ஓடிக்கிட்டிருக்கும்போது "நாளைக்குத் தம்பி வர்றான்மா"ன்னு சொன்னேன். "சரி"ன்னாங்க. பத்து நிமிஷத்துல "யாரோ வர்றாங்கன்னியே, யாரு?"ன்னு கேட்டாங்க. அதே விஷயத்த டிவிய அணைச்சிட்டு, பக்கத்துல உக்காந்து, கையப் பிடிச்சுச் சொன்னா சாயங்காலம் வரைக்கும் ஞாபகம் இருக்கு. நடந்துக்கிட்டே பேசினா நின்னுடுறாங்க. மூணு பேர் சேர்ந்து பேசினா எழுந்து உள்ள போயிடுறாங்க. போன ரெண்டு மாசமா இது ரொம்ப அதிகம்.

ஒரு ஸ்கேன் சென்டர்ல விசாரிச்சேன். "எஃப்எம்ஆர்ஐ எடுத்தா மூளைல கவனம் எங்க குறைஞ்சிருக்குன்னு கலர்ல காட்டிடும், அதுக்குத் தக்கபடி பயிற்சி குடுக்கலாம்"னு சொல்றாங்க. எடுக்கலாமா? எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

---

கதிர்_டெக்னீஷியன்

அக்கா, நான் பதினோரு வருஷமா எம்ஆர்ஐ மெஷின் ஓட்டுறவன். வியாபாரம் பாதிக்கும்னு பாக்காம சொல்றேன், அவசரப்பட்டு எடுக்காதீங்க.

அம்மாவுக்கு ஏற்கெனவே எடுத்தது மூளையோட உருவத்தக் காட்டுற படம். சுருக்கம், பக்கவாதத் தழும்பு, கட்டி, ரத்தக்கசிவு இதெல்லாம் அதுல தெரியும். அது வேணும், எடுத்தது சரி. எஃப்எம்ஆர்ஐ வேற சமாச்சாரம். மூளைல ஒரு இடம் வேலை செஞ்சா அங்க ரத்தம் கூடுதலா ஓடி வரும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தத்துக்கு வேற வேற மாதிரி தெரியும். 1990-ல சேய்ஜி ஓகாவா கண்டுபிடிச்சது இதத்தான். ஆக, படத்துல தெரியுற கலர் நரம்பு செல் இல்ல, ரத்தத்தோட நிழல். அதுவும் உடனே வராது, அஞ்சாறு செகண்ட் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். மாற்றம் எவ்வளவு? ஒரு சதவீதம், ரெண்டு சதவீதம். பச்சையா பாத்தா எல்லாம் ஒரே சாம்பல்தான், கலர் அப்புறம் கம்ப்யூட்டர் பூசுறது.

தலை ரெண்டு மில்லிமீட்டர் அசைஞ்சா அந்தப் படத்துல பாதி குப்பை. குழாய்க்குள்ள போன உடனே "எங்க இருக்கேன்"னு எழுந்திருக்கப் பாக்குற பெரியவங்கள நான் தினமும் பாக்குறேன்.

மருத்துவத்துல எஃப்எம்ஆர்ஐ பெரும்பாலும் எதுக்குன்னா, மூளைக் கட்டி இல்ல வலிப்பு ஆபரேஷனுக்கு முன்னாடி பேச்சும் கை அசைவும் எந்த இடத்துல இருக்குன்னு பாத்துக்க. கவனத்த அளந்து அல்சைமர்னு முடிவு சொல்ல யாரும் இத எழுதித் தர்றதில்ல.

---

நரம்பியல்_மாணவி

அந்திமாலை, நீங்கள் கவனித்தது மிகச் சரி. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்ததை நீங்கள் டிவியை அணைத்துப் பார்த்திருக்கிறீர்கள். நான் இந்தத் துறையில் ஆய்வு மாணவி, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கவனம் என்பது ஒரே பொருள் இல்லை. 1990-ல் போஸ்னர், பீட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விழிப்பாக இருப்பது, ஒன்றை நோக்கித் திரும்புவது, முரண்படும் விஷயங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அடக்குவது. அல்சைமரின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாகச் சரிவதில்லை. ஒரே எளிய வேலையில் கொஞ்ச நேரம் விழிப்பாக இருப்பது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். முதலில் ஆட்டம் காண்பது இரண்டு: ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது, இரண்டை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது. பேட்லியும் கூட்டாளிகளும் 1986-லேயே இந்த இரண்டாவதைக் காட்டினார்கள். தனித்தனியாகச் செய்தால் சமாளிக்கும் அளவுக்கு எளிதாக்கிக் கொடுத்த இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகள் தடுமாறினார்கள். அம்மா பேசும்போது நடையை நிறுத்துவதும் இதே குடும்பம்தான். நடை நமக்குத் தானாக ஓடுகிறது, அவருக்கு இப்போது அதற்கும் கவனம் செலவாகிறது.

தாவுவதைப் பற்றி 1992-ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. பரசுராமன், கிரீன்வுட், ஹாக்ஸ்பி, கிரேடி ஆகியோர் செய்தது. திரையில் ஒரு குறி 'இந்தப் பக்கம் பார்' என்று சொல்லும். பிறகு எழுத்து அந்தப் பக்கமும் வரலாம், எதிர்ப் பக்கமும் வரலாம். குறி உண்மை சொன்னால் கிடைக்கிற ஆதாயம் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குறி பொய் சொன்னால் மட்டும் நோயாளிகள் அதிகமாகத் தாமதித்தார்கள். கவனத்தைக் கொண்டுபோய் வைப்பது பரவாயில்லை, வைத்த இடத்திலிருந்து பிடுங்குவதுதான் சிரமம். அதே ஆட்களுக்கு பெட் ஸ்கேனும் (கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் படம்) எடுத்து, இந்தத் தாமதத்தை மூளையின் பரைட்டல் பகுதி, அதாவது உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பகுதி, சர்க்கரையைப் பயன்படுத்தும் விதத்தோடு பொருத்திப் பார்த்தார்கள்.

அம்மா "சரி" என்றாரே, அப்போது அவர் கவனம் டிவியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். பதியவே பதியாததை எப்படி நினைவுகூர்வது? ஹிப்போகாம்பஸ் பழுது இல்லை என்று சொல்லவில்லை, அதுவும் இருக்கிறது. ஆனால் வாசலிலேயே கொஞ்சம் சரக்கு நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. நாம் எதிலும் ஈடுபடாமல் சும்மா இருக்கும்போது மூளையின் நடுக்கோட்டுப் பகுதிகள் மும்முரமாக ஓடும். ரெய்க்கிள் 2001-ல் இதற்கு டீஃபால்ட் மோட் என்று பெயர் வைத்தார். வெளியே ஒன்றைக் கவனிக்க வேண்டுமென்றால் அந்த ஓட்டம் தணிய வேண்டும். அல்சைமரில் அது தணிய வேண்டிய அளவு தணிவதில்லை என்று லஸ்டிக்கும் குழுவினரும் 2003-ல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கிரைசியஸ் குழு, அந்த வலையமைப்புக்குள்ளேயே தொடர்பு தளர்ந்திருப்பதைக் காட்டியது. 2005-ல் பக்னர் குழு அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதம் படியும் இடங்களை வரைந்தபோது, வரைபடம் ஏறக்குறைய இதே வலையமைப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

---

சந்தேகப்பேர்வழி

மாணவியின் பதிவு அருமை. ஆனாலும் என் வழக்கமான பல்லவியைப் பாடிவிட்டுப் போகிறேன். 2009-ல் பென்னட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனை எஃப்எம்ஆர்ஐ மெஷினுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் என்ன உணர்கிறார்?' என்று கேட்டார்கள். மீனின் மூளையில் சிவப்புப் புள்ளி வந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்துவிட்டு அதற்கான புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் செத்த மீனும் சிந்திக்கும் என்று காட்டத்தான் செய்தார்கள். 2012-ல் இக்நோபல் பரிசும் (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு) கிடைத்தது.

கலர் படத்தை யாராவது நீட்டினால் எனக்கு அந்த மீன்தான் ஞாபகம் வருகிறது.

---

நரம்பியல்_மாணவி

> செத்த மீனும் சிந்திக்கும்

மீனை நாங்களும் முதல் வாரத்திலேயே படித்துவிடுகிறோம் 😄 அந்தத் திருத்தத்தை இப்போது செய்யாமல் எந்த நல்ல இதழும் கட்டுரையை வாங்காது. ஆனால் அந்திமாலையின் கேள்விக்கு மீனைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நான் மேலே சொன்னதெல்லாம் குழு சராசரி. இருபது நோயாளிகள், இருபது ஆரோக்கியமானவர்கள் என்று வைத்தால் இரண்டு சராசரிக்கும் இடையே வித்தியாசம் தெரியும். ஆட்களைத் தனித்தனியாகப் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்துக்குள் கலந்து நிற்பார்கள். அதே ஆளை அடுத்த வாரம் எடுத்தால் படம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். சரியாகத் தூங்கவில்லை, அசைந்துவிட்டார், வேலையைப் புரிந்துகொள்ளவில்லை, எல்லாமே படத்தில் 'குறைவு' என்று வரும்.

கலர் கூடுதலாக இருந்தால் நல்லது என்பதும் இல்லை. லேசான அறிவாற்றல் குறைபாட்டு நிலையில் சிலருக்கு ஹிப்போகாம்பஸ் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்கிறது. மூளை ஈடுகட்டப் போராடுகிறது என்று முதலில் நினைத்தார்கள். 2012-ல் பேக்கர் குழு வலிப்பு மாத்திரையான லெவெடிரேசிட்டாமைக் குறைந்த அளவில் கொடுத்து அந்த அதிக வேலையைத் தணித்தபோது நினைவுச் சோதனையில் அவர்கள் மேம்பட்டார்கள். அப்படியானால் அந்த அதிக வேலை ஈடுகட்டல் இல்லை, கோளாறு. சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா? ஸ்கேன் சென்டர்காரர் இதற்கு என்ன பதில் சொல்வார்?

---

இலைச்சாறு

இதுக்கெல்லாம் ஸ்கேன் எதுக்கு? என்கிட்ட ஒரு மூலிகைப் பொடி இருக்கு, 48 நாள்ல ஞாபகம் திரும்பும். தனிமடல் போடுங்க.

---

நெறியாளர்

விற்பனைப் பதிவுக்கு இங்கே இடமில்லை. அடுத்த முறை நீக்கப்படும்.

---

ஓய்ந்த_வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையில் நோயாளி தரப்பிலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு 71 வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருடத்துக்கு முன் 'லேசான அறிவாற்றல் குறைபாடு, அல்சைமராக இருக்கலாம்' என்றார்கள். டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவன் நான். 93, 86, 79 வரை வந்தேன். அப்போது பக்கத்து அறையில் ஒரு நாற்காலி இழுபட்டது. அவ்வளவுதான். 79 கையில் இருக்கிறது, அதை என்ன செய்ய வேண்டும் என்பது போய்விட்டது. கணக்கு மறக்கவில்லை ஐயா, நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு ஓர் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தேன். மாணவி சொன்ன அதே மாதிரிச் சோதனை, எஃப்எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்துக்கொண்டு. தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்று மாட்டுகிறார்கள், கண்ணுக்கு மேலே சிறு கண்ணாடி, அதில் திரை தெரிகிறது. காதை அடைத்தாலும் சம்மட்டி அடிக்கிற சத்தம். அம்பு ஒரு பக்கம் காட்டும், நட்சத்திரம் வரும், வந்த பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். முக்கால்வாசி நேரம் அம்பு உண்மை சொல்லும். பொய் சொன்ன முறைகளில் எனக்கு நடந்ததை வார்த்தையில் சொல்வது கஷ்டம். நட்சத்திரம் வலப்பக்கம் வந்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நான் இன்னும் இடப்பக்கமே நிற்கிறேன். சேற்றில் மாட்டின காலை எடுக்கிற மாதிரி என்னை அங்கிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

முடிந்ததும் அந்தப் பெண்ணிடம், "என் படத்தைக் காட்டம்மா, எங்கே பழுது?" என்று கேட்டேன். "ஐயா, உங்கள் ஒருவர் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லோருடையதையும் சேர்த்தால்தான் அர்த்தம்" என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம். முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்தவனுக்கு இதுதானா பதில் என்று. மேலே மாணவியின் விளக்கத்தை வாசித்த பிறகுதான் அந்தப் பெண் நேர்மையாகத்தான் பேசியிருக்கிறாள் என்று புரிந்தது.

---

நரம்பியல்_மாணவி

ஐயா, இதை எங்கள் குழுவில் வாசித்துக் காட்ட அனுமதி உண்டா? நாங்கள் 'தாமதம் இத்தனை மில்லிசெகண்ட்' என்று எழுதுகிறோம். சேற்றில் மாட்டின கால் என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை.

---

ஓய்ந்த_வாத்தியார்

தாராளமாக. இலக்கணப் பிழை இருந்தால் திருத்திவிடு அம்மா.

---

இரவுப்பணி_மருத்துவர்

தாமதமாக வருகிறேன். அந்திமாலை, ஸ்கேனைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை உறுத்துகிறது: 'போன ரெண்டு மாசமா இது ரொம்ப அதிகம்.' அல்சைமர் பொதுவாக மெதுவாக நகரும். இரண்டு மாதத்தில் சட்டென்று கவனம் சரிந்தால் நோய் முற்றுகிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு காரணம் தேட வேண்டும். காது கேட்கிறதா? தூக்கம் எப்படி? சிறுநீர்த் தொற்று உண்டா? மிக முக்கியமாக, அம்மா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதுங்கள். வேறு டாக்டர் கொடுத்தது, கடையில் கேட்டு வாங்கியது உட்பட.

---

அந்திமாலை

டாக்டர், காது சோதிச்சாச்சு, பரவாயில்லன்னாங்க. மாத்திரை: டோனெபெசில் 10, ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், கால்சியம். அப்புறம் ஆக்ஸிபியூட்டினின். டோனெபெசில் அளவக் கூட்டினதுக்கப்புறம் அம்மாவால சிறுநீர அடக்க முடியல, வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், அவர் குடுத்தது. அது... ஆமா, ரெண்டரை மாசம் இருக்கும்.

---

இரவுப்பணி_மருத்துவர்

நினைத்தேன்.

மூளையின் அடிப்பகுதியில் மேய்னெர்ட் நியூக்ளியஸ் என்று ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. கார்டெக்ஸ், அதாவது மூளையின் மேலடுக்கு, முழுவதற்கும் அசிட்டைல்கோலினை இறைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். கவனத்தைக் கூர்மையாக வைத்திருப்பதில் அந்த வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. அல்சைமரில் அந்தச் செல்கள் அழிகின்றன, இது 1980-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் அசிட்டைல்கோலின் சிதையாமல் பார்த்துக்கொள்ளும் டோனெபெசில் வந்தது, 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது கொஞ்சம் உதவினால், பல வீடுகளில் முதலில் தெரிவது 'முன்னைவிடக் கவனிக்கிறார்' என்பதுதான், 'ஞாபகம் வந்துவிட்டது' என்பதல்ல.

ஆக்ஸிபியூட்டினின் அதற்கு நேர் எதிர். அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. சிறுநீர்ப்பையில் தடுப்பதற்காகக் கொடுக்கிறோம், ஆனால் அது மூளைக்குள்ளும் போகும். ஒரு மாத்திரை வண்டியைத் தள்ளுகிறது, இன்னொன்று பின்னாலிருந்து இழுக்கிறது. டோனெபெசிலின் பக்கவிளைவாகவே சிறுநீர் அவசரம் வரலாம். அதைப் புது நோய் என்று நினைத்து இரண்டாவது மாத்திரை எழுதுவது உலகம் முழுக்க நடக்கும் தவறு. அந்த டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம், அவர் கையில் முழுப் பட்டியல் இருந்திருக்காது.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு நரம்பியல் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். டோனெபெசில் அளவைக் குறைப்பதா, சிறுநீருக்கு வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

---

கதிர்_டெக்னீஷியன்

பதினோரு வருஷத்துல எத்தனையோ பேருக்குத் தலைய ஸ்கேன் பண்ணியிருக்கேன். ஒருத்தர்கிட்டயாவது மாத்திரைப் பையக் காட்டச் சொல்லியிருக்கேனான்னா, இல்ல.

---

வழிப்போக்கன்_27

குறுக்கே ஒரு கேள்வி. அமிலாய்டு பெட் ஸ்கேன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதே மாதிரி ஆராய்ச்சிச் சரக்குதானா?

---

இரவுப்பணி_மருத்துவர்

இல்லை, அது வேறு. அது மூளை செய்கிற வேலையைக் காட்டாது, மூளையில் படிந்திருக்கும் புரதத்தைக் காட்டும். 2004-ல் பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி என்ற மருந்தோடு தொடங்கியது. அதிலிருக்கும் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும், ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே தயாரிக்க வேண்டும். அதனால் பாதியாக 110 நிமிடம் எடுக்கும் ஃப்ளூரின்-18 கலந்த மருந்துகள் பிறகு வந்தன, 2012-ல் ஃப்ளோர்பெட்டாபிருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தனி ஆளுக்கும் இதை வாசித்துச் சொல்ல முடியும். அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் மாதிரியான மருந்து தொடங்குவதற்கு முன் அமிலாய்டு இருப்பதை இதிலோ முதுகுத் தண்டு நீரிலோ உறுதி செய்வார்கள். ஆனால் எந்தக் குறையும் இல்லாத முதியவர்கள் சிலருக்கும் அமிலாய்டு இருக்கும். சும்மா தெரிந்துகொள்வோமே என்று எடுக்கிற ஸ்கேன் இல்லை.

---

சந்தேகப்பேர்வழி

இதற்கு என்னிடம் மீன் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

---

நரம்பியல்_மாணவி

படம் எடுக்கிற பக்கம் எல்லாம் வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் ஒன்று மட்டும். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு புள்ளி உண்டு, லத்தீனில் நீல இடம் என்று பொருள். சில பத்தாயிரம் செல்கள்தான். விழிப்புக்கான நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அங்கிருந்துதான் மூளை முழுக்கப் போகிறது. அல்சைமரில் நரம்பு செல்களுக்குள் திரளும் டாவ் புரதம் மிக முன்கூட்டியே தலைகாட்டும் இடங்களில் அது ஒன்று. அந்தச் செல்களில் சேரும் கரும்பொருளான நியூரோமெலனின் காரணமாக, அதற்கென்று அமைத்த எம்ஆர்ஐயில் அந்தப் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. அல்சைமரில் மங்குகிறது. இதுவும் இன்றைக்கு ஆய்வுக்கூடத்துக்குள்தான். நான் அதில்தான் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் பாசம்.

---

அந்திமாலை

ஏழு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

மாத்திரைப் பையக் கொண்டுபோய்க் கொட்டினேன். டாக்டர் ஆக்ஸிபியூட்டினின நிறுத்தினாங்க, டோனெபெசில 5-க்குக் குறைச்சாங்க. சிறுநீர்த் தொல்லை முழுசாப் போகல, ஆனா குறைஞ்சிருக்கு. மூணாவது வாரத்துல அம்மா ஹால்ல எங்களோட உக்காந்தாங்க, நாலு பேர் பேசிக்கிட்டிருந்தோம், எழுந்து போகல. எண்களத் தலைகீழா சொல்ற சோதனைல போன தடவை மூணு எண்ணோட நின்னாங்க, இந்தத் தடவை நாலு. தேதி இன்னமும் தெரியல. நேத்து சொன்னது நேத்தோட போயிடுது. நடக்கும்போது நான் பேச்சுக் குடுக்கிறதில்ல.

வாத்தியார் ஐயா, நீங்க எழுதினத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், டிவிய அணைச்சிட்டுத்தான். நாற்காலி இடம் வந்ததும் "எனக்கும் அப்படித்தாண்டி"ன்னாங்க. முதல் தடவையா அவங்க வாயால.

ஸ்கேன் சென்டர்லேருந்து மட்டும் இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு.

---

இரவுப்பணி_மருத்துவர்

மகிழ்ச்சி. மூன்று நான்கானதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு நாள் நன்றாகத் தூங்கினாலே அந்த வித்தியாசம் வரும். எழுந்து போகவில்லை என்பதைக் குறித்து வையுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

---

ஓய்ந்த_வாத்தியார்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நான் இப்போதும் 79-லேயே நிற்கிறேன் என்றும் சொல்லவும்.

---

கதிர்_டெக்னீஷியன்

அக்கா, அந்த நம்பர பிளாக் பண்ணுங்க.